ஆளுக்கொரு விலை

"உங்க பட்டியல் பொய் சொல்லுதுங்க மேடம்" என்று ஒருவர் தமயந்தியின் முகத்துக்கு நேரே சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆறு வருஷமாக அவள் அந்தப் பட்டியலைப் போட்டு வந்தாள். போத்தனூர், சுந்தராபுரம் பக்கத்து மக்களுக்காக நடந்த கடை ஒப்பீட்டு மையத்தில் அவளுக்கு வேலை. பெரிய கடைகள் நான்கு: நிறைகூடை, சுடர், அன்றாடம், வீட்டுக்கும் கொண்டுவந்து கொடுக்கும் பத்துநிமிஷம். வாரா வாரம் புதன்கிழமை காலையில் கடைகளில் ஏறி இறங்குவாள். விலை, சரக்கின் புதுசு, போய்வர வசதி, சலுகைப் புள்ளி என்று நான்கு கட்டம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அறுபதாயிரம் போன்களில் அந்தப் பட்டியல் போய் விழும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பாதி ஊர் பையைத் தூக்கும்.

வேலையில் அவள் கண்டிப்பானவள். எந்தக் கடையின் சலுகைக் கார்டும் அவளிடம் கிடையாது. போனைக்கூட மேஜை டிராயரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். கையில் ஒரு பென்சில், ஒரு நோட்டு. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பாள். கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து வேர்ப்பக்கம் முகர்வாள். மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். ஒரு கடைக்காரர் தீபாவளிக்கு அனுப்பிய ஸ்வீட் பெட்டியை ஆட்டோ பிடித்துப்போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள்.

அப்படிப்பட்டவளிடம் வந்துதான் அந்த மனிதர் சொன்னார். அறுபத்தேழு வயது இருக்கும். இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை, கையில் துணிப்பை. பேர் எபனேசர். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடி காட்டும் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"கோவிச்சுக்காதீங்க. சண்டைக்கு வரல" என்று பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். படுக்கையில் இருப்பவர்களுக்குக் கரைத்துக் கொடுக்கும் சத்துப் பவுடர். "நிறைகூடையில இது ஐநூத்தித் தொண்ணூறுன்னு நீங்க போட்டிருக்கீங்க. நான் எழுநூத்தி அறுபத்திநாலு கொடுத்து வாங்கிட்டு வர்றேன். இந்த வாரம் மட்டும் இல்லீங்க. ரெண்டு வருஷமா ஒரு வாரம்கூட உங்க விலைக்கு எனக்குக் கிடைச்சதில்ல."

"வேற சைஸ் டப்பாவா இருக்கும் சார்."

"அதே டப்பாதாங்க. நாப்பது வருஷம் வேகன் நம்பர் பார்த்து எழுதினவன் நான். டப்பா நம்பர் தப்பாப் பார்ப்பனா?"

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் தமயந்தியை உறுத்தியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "வாங்க, போய்ப் பார்த்துரலாம்."

அந்த வருஷம் கோயமுத்தூரில் எந்தப் பெரிய கடையிலும் காகித விலைச்சீட்டு கிடையாது. தட்டு ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடிச் சீட்டு இருக்கும். ஆள் ஒரு முழத்துக்குள் வந்தால் விழித்துக்கொண்டு விலையைக் காட்டும். நகர்ந்தால் அணைந்துவிடும். இருவர் ஒட்டி நின்றால் 'நல்வரவு' என்று மட்டும் சொல்லும். ஒருவர் விலகினால்தான் விலை வரும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு என்று கடைகள் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். தமயந்தியும் நம்பினாள்.

நிறைகூடையில் அந்தத் தட்டின் முன்னால் அவள் போய் நின்றாள். 590.

"இப்ப நீங்க தள்ளிக்குங்க" என்றார் எபனேசர். அவள் நாலடி தள்ளிப்போய்க் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அவர் தன் கார்டைத் தட்டில் காட்டிவிட்டு நின்றார். 764.

"மாறி நில்லுங்க சார்."

590.

"மறுபடியும் நீங்க."

764.

துவரம்பருப்பில் பார்த்தார்கள். தக்காளியில் பார்த்தார்கள். கடலை எண்ணெயில், டெட்டால் பாட்டிலில், பெரியவர்களுக்கான டயப்பரில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அவளுக்கு ஒரு விலை, அவருக்கு ஒரு விலை. டயப்பரில்தான் வித்தியாசம் எல்லாவற்றையும்விட அதிகம்.

தமயந்தி எல்லா விலையையும் இரண்டு வரிசையாக நோட்டில் எழுதினாள். எபனேசர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் மிசின் ரிப்பேர்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக.

கிளை மேனேஜர் ஷப்னத்துக்கு முப்பது வயதுதான். தமயந்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். எபனேசர் பின்னால் நிற்பதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு இருவரையும் உட்காரச் சொன்னாள்.

"இதுல சட்டப்படி தப்பு எதுவும் இல்லீங்க மேடம்" என்று ஆரம்பித்தாள். "டப்பாவுல அச்சடிச்ச விலை எழுநூத்தி அறுபத்திநாலு. அதுக்கு மேல யார்கிட்டயும் ஒரு பைசா வாங்கறதில்ல. அதுக்குக் கீழ யாருக்கு எவ்வளவு குறைக்கறதுங்கறது கடையோட இஷ்டம்."

"யாரு முடிவு பண்றது? நீங்களா?"

"நாடிதானுங்க."

நாடி என்பது ஒரு மென்பொருளின் பேர். ஒவ்வொருத்தரும் என்ன வாங்குகிறார்கள், எந்த நேரத்தில் வருகிறார்கள், வேறு கடைக்குப் போகிறார்களா, சரக்கைத் திருப்பித் தருகிறார்களா என்று எல்லாவற்றையும் அது கவனிக்கும். இந்த ஆள் எந்த விலை வரைக்கும் பொறுத்துக்கொண்டு வாங்குவார் என்று கணிக்கும். அந்த விலையைச் சீட்டில் காட்டும். நாலு கடையிலும் நாடிதான் ஓடுகிறது என்றாள் ஷப்னம்.

"சார் விட்டுட்டுப் போகமாட்டார்னு அதுக்குத் தெரியும்" என்றாள் எபனேசரைப் பார்க்காமல். "வாரத்துக்கு ரெண்டு தரம் வர்றார். நடந்து வர்றார். இருபது நிமிஷத்துல திரும்பிப் போயாகணும். வீட்டுல யாரோ படுக்கையில இருக்காங்க. வேற கடைக்குப் போக அவருக்கு நேரமில்ல."

"பக்கத்துல கடை இருக்கறது ஒரு வசதின்னு நினைச்சேன்" என்றார் எபனேசர்.

"அந்த வசதிக்குத்தாங்க சார் அது விலை போட்டிருக்கு."

"கீரை எப்பவும் வாடினதாத்தான் வருது. அதுவுமா?"

ஷப்னம் தலையசைத்தாள். "நீங்க ஒரு தடவைகூடத் திருப்பிக் கொடுத்ததில்லீங்களே. சண்டை போடறவங்களுக்குத்தான் அன்னிக்கு வந்த சரக்கு போகும்."

தமயந்தி தன் நோட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். கேட்கப் பயமாக இருந்த கேள்வியைக் கடைசியாகக் கேட்டாள். "என்கிட்ட கார்டே கிடையாது. போன் கொண்டுவர்றதில்ல. நான் யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கார்டு தட்டினா கார்டுதான் ஆள். தட்டாதவங்களைக் காமிரா பார்த்துக்கும்." ஷப்னம் தயங்கினாள். "ரெண்டு வருஷத்துக்கு முன்னால, நாடி வந்த மூணாவது வாரமே உங்களைக் கண்டுபிடிச்சிருச்சுங்க. புதன்கிழமை வருவாங்க, முப்பத்தோரு சாமானைப் பார்ப்பாங்க, வெண்டைக்காயை ஒடிச்சுப் பார்ப்பாங்க, எதையும் வாங்கமாட்டாங்க. இந்த அம்மா வந்துட்டுப் போனதுக்கப்புறம் சனிக்கிழமை கூட்டம் கூடுது, இல்லாட்டிக் குறையுதுன்னு அதுவாப் புரிஞ்சுக்கிச்சு. அப்ப இருந்து உங்களுக்குக் குறைஞ்ச விலை. புதன்கிழமை காலையில புதுச் சரக்கு. நாங்க யாரும் சொல்லிக் கொடுக்கலீங்க, சத்தியமா."

வெளியே வரும்போது தமயந்தி படியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டாள். ரெண்டு வருஷம். நூறு பட்டியல். அத்தனையிலும் நிறைகூடைக்கு விலையில் ஒன்பது, புதுசில் ஒன்பது போட்டிருந்தாள்.

"நீங்க எப்ப சார் இந்தக் கடைக்கு மாறினீங்க?"

எபனேசர் வேறு பக்கம் பார்த்தார். "மெர்ஸிக்கு, என் சம்சாரத்துக்கு, பக்கவாதம் வந்தப்பங்க. அதுவரைக்கும் நாலு கடை ஏறி வாங்கறது அவதான். எனக்கு எதுவும் தெரியாது. உங்க பட்டியலைப் பார்த்தேன்."

அந்த வெள்ளிக்கிழமை மையத்தின் இயக்குநர் திருமலைசாமி அவளுக்கு அரை மணி நேரம் எடுத்துச் சொன்னார். புகார் எழுதலாம், சட்டம் மாற ரெண்டு வருஷமாவது ஆகும், அதுவரை பட்டியலை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மையத்தையே மூட வேண்டி வரும் என்றார். தமயந்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பட்டியலை அவள் நிறுத்தவில்லை. சனிக்கிழமை ஏழு மணிக்குச் சரியாக அனுப்பினாள். நாலு கடைக்கும் நாலு கட்டமும் காலியாக இருந்தன. கீழே இப்படி எழுதியிருந்தாள்: 'இத்தனை நாள் நான் சொன்ன விலை எனக்கு மட்டுமான விலை. அது எனக்குத் தெரியாமல் போனது என் தவறு. மன்னியுங்கள். நீங்கள் கொடுக்கும் விலையை எனக்கு எழுதுங்கள்.'

திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் இரண்டாயிரத்து முந்நூறு பேர் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அவள் படிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் பார்த்தபோது சாம்பார் சாதம் அப்படியே இருந்தது.

நாலு கடையும் சுற்றிப்பார்க்கும் ஹாஸ்டல் பையன்களுக்குத்தான் எல்லாமே மலிவு. கைக்குழந்தைக்காரிக்குப் பால் பவுடர் மாதா மாதம் ஏறியிருக்கிறது. குழந்தை அந்த ஒரே பவுடருக்குப் பழகப் பழக விலையும் அதனுடன் வளர்ந்திருக்கிறது. கால் முறிந்த ஒருவருக்குக் கட்டுப் போட்ட வாரத்திலிருந்து பத்துநிமிஷம் கடையில் அரிசி விலை கூடியிருக்கிறது. எல்லாவற்றையும்விட அவளை உலுக்கியது புள்ளிகள்தான். பத்து வருஷம் ஒரே கடையில் வாங்கி நாற்பதாயிரம் புள்ளி சேர்த்துத் 'தங்க உறுப்பினர்' ஆன ஒரு டீச்சரம்மா, போன வாரம் கார்டு வாங்கியவனைவிட ஒவ்வொரு சாமானுக்கும் அதிகம் கொடுத்துக்கொண்டிருந்தார். 'கடையில் பிறந்தநாளுக்குக் கேக் கூடக் கொடுத்தார்களே' என்று எழுதியிருந்தார்.

மறுநாள் தமயந்தி எபனேசரின் வீட்டுக்குப் போனாள். சந்தன நகர் குடியிருப்பில் தொண்ணூற்றாறு வீடு, அவருடையது தரைத்தளத்தில். ஜன்னலோரக் கட்டிலில் மெர்ஸி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது. பேச்சு குழறியது, கண் மட்டும் கூர்மையாக இருந்தது.

தமயந்தி மன்னிப்புக் கேட்டாள். எபனேசர் கூச்சப்பட்டுக் காபி போட உள்ளே போய்விட்டார். மெர்ஸி இடது கையால் பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னார்.

"மிசினுக்கு... கார்டுதானே ஆளு?" என்றார், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்து.

"ஆமாங்கம்மா. கார்டு தட்டினா யார் கையில இருக்குன்னு அது பார்க்கறதில்ல."

மெர்ஸியின் வாய் இடப்பக்கமாகச் சிரித்தது. "ரயில்வே இன்ஸ்டிட்யூட் கிளப்புல... ரம்மியில... என்னை ஒருத்தரும் ஜெயிச்சதில்ல. இவர் கையில என்ன சீட்டுன்னு... எதிராளிக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்ப என்ன பண்ணணும்?"

"எனக்கு ரம்மி தெரியாதுங்கம்மா" என்றாள் தமயந்தி.

"கலைச்சுப் போடணும்" என்றார் மெர்ஸி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடியிருப்பு ஹாலில் கூட்டம் போட்டார்கள். சங்கச் செயலாளர் குப்புராஜ் பக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். குரல் எடுத்தால் மூன்றாவது மாடிவரை கேட்கும். அவர் ஒரு பிளாஸ்டிக் வாளியை மேஜைமேல் வைத்தார். எல்லோரும் கடைக் கார்டை அதில் போடுவது, குலுக்கி ஆளுக்கொன்று எடுப்பது, அடுத்த ஞாயிறு மறுபடி போட்டுக் குலுக்குவது. அவ்வளவுதான் யோசனை.

தமயந்தி எழுந்து நின்றாள். "ஒண்ணு சொல்லிர்றேனுங்க. இது விளையாட்டு இல்ல. உங்க கார்டுல உங்க வீட்டு விஷயமெல்லாம் இருக்கு. நீங்க என்ன வாங்கறீங்க, என்ன வியாதின்னு கார்டுக்குத் தெரியும். உங்க கார்டை எடுத்துட்டுப் போறவர் முன்னால கடைச் சீட்டு அதையெல்லாம் விளம்பரமாக் காட்டும். அது வேண்டாம்னு தோணுச்சுன்னா போடாதீங்க. யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க."

பின்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து போயிற்று. இன்னும் பத்துப் பதினைந்து பேர் கலைந்தார்கள். குப்புராஜே சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு யோசித்தார். எபனேசர் முதலில் வந்து கார்டைப் போட்டார். அடுத்து, யாரும் எதிர்பார்க்காமல், இரண்டாவது மாடி இந்துஜா வந்து போட்டாள். துணி ஆலையில் டிசைன் பிரிவில் வேலை பார்க்கும் பெண். ஒரு வருஷமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாதவள். போட்டுவிட்டுச் சட்டென்று ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். மொத்தம் நாற்பத்தொரு கார்டு.

முதல் வாரம் ஒரே கூத்து. சைவக்காரர் ஒருவரைப் பார்த்து ஒவ்வொரு தட்டும் 'உங்களுக்குப் பிடித்த வஞ்சிரம் வந்திருக்கிறது' என்று கூப்பிட்டது. குப்புராஜ் கைக்கு எபனேசரின் கார்டு போயிருந்தது. கடைக்குள் நுழைந்ததும் சீட்டு அவருக்கு டயப்பரைக் காட்டியது, பக்கத்திலேயே விலையையும். புதன்கிழமை தமயந்தியைப் பார்த்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"பத்து வருஷமா ஒரே காம்பவுண்டுல இருக்கறமுங்க. மெர்ஸியக்கா படுத்திருக்குதுன்னு தெரியும். இத்தனை செலவு, இத்தனை சாமான், எல்லாத்தையும் அந்த மனுஷன் ஒத்தையாத் தூக்கிட்டு வர்றார்னு தெரியாம இருந்திருக்கேன். என்கிட்டதான் வண்டி சும்மா நிக்குதே."

அந்த வாரத்திலிருந்து டயப்பரும் பவுடரும் குப்புராஜின் வண்டியில் வந்தன. அவர் மனைவி கையில் அந்த வாரம் இருந்தது, முன்பு ஹாஸ்டலில் இருந்த குடியிருப்புப் பையன் ஒருவனின் பழைய கார்டு. அதில் டயப்பருக்கு அடிமாட்டு விலை. தானும் சும்மா இருக்கக் கூடாது என்று எபனேசர் குப்புராஜின் பெண்ணுக்குப் பரீட்சைக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்.

மூன்றாவது வாரம் எபனேசர் தமயந்தியைத் தேடி அலுவலகத்துக்கே வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"எனக்கு வந்த கார்டு அந்த இந்துஜாப் பொண்ணோடதுன்னு நினைக்கறேன்" என்றார். "எந்தத் தட்டுக்குப் போனாலும் குழந்தைச் சாமான் காட்டுது. 'உங்கள் செல்லத்துக்கு ஒன்பது மாதம் நிறைகிறது, ராகிக் கூழ் கொடுக்கலாமே'ன்னு. அந்த வீட்டுல குழந்தை இல்லீங்களே மேடம். போன வருஷம்... ஆஸ்பத்திரியில..." அவர் கார்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "நான் இதைப் பார்த்திருக்கக் கூடாது. எப்படித் திருப்பிக் கொடுக்கறது? என்னன்னு சொல்றது?"

இதுக்குத்தான் பயந்தேன் என்று தமயந்தி நினைத்தாள். விலை குறைகிறதே என்ற குஷியில் எவ்வளவு பெரிய விஷயத்தில் கை வைத்துவிட்டோம்! இருவரும் அன்று சாயங்காலமே இரண்டாவது மாடிக்கு ஏறினார்கள். எபனேசர் கார்டை ஒரு வெள்ளைக் கவரில் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அம்மா, மன்னிச்சிரும்மா. இனிமே இது உங்கிட்டயே இருக்கட்டும்."

இந்துஜா கவரை வாங்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"கர்ப்பமா இருந்தப்போ வாங்கினதை வெச்சு அது நாள் எண்ணிட்டு வருதுங்க அங்கிள்" என்றாள். "நிறுத்தச் சொல்லி நாலு தடவை எழுதிப் போட்டேன். குழந்தை பிறந்த தேதியைக் குறிப்பிடவும்னு பதில் வருது. தக்காளி எடுக்கக் குனிஞ்சா மூணு மாசம்னு சொல்லும். பால் எடுத்தா அஞ்சு மாசம்னு சொல்லும். கடைக்குப் போறதையே விட்டுட்டேன். என் வீட்டுக்காரர்தான் போய்ட்டு வருவார். வந்து ஒண்ணும் பேசாம உட்கார்ந்திருப்பார்."

எபனேசர் நீட்டிய கையை மெதுவாக இறக்கினார்.

"இந்த மூணு வாரமா நானே கடைக்குப் போறேங்க" என்றாள் இந்துஜா. கண் கலங்கியிருந்தாலும் குரல் தெளிவாக இருந்தது. "இந்த வாரம் என் கையில இருக்கறது யார் கார்டுன்னு தெரியல. யாரோ மீன்குழம்புப் பைத்தியம். கத்தரிக்காய் முன்னால நின்னு கத்தரிக்காயை மட்டும் பார்த்தேன். எவ்வளவு நாளாச்சு தெரியுங்களா? அதைத் திருப்பிக் கொடுக்காதீங்க அங்கிள். வாளியிலயே இருக்கட்டும். கஷ்டமா இருந்தா நீங்க இன்னொருத்தர்கிட்ட மாத்திக்குங்க."

"எனக்கென்னம்மா கஷ்டம்?" என்றார் எபனேசர். கவரைச் சட்டைப்பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டார். "நானே வெச்சுக்கறேன். அது என்ன வேணும்னாலும் என்கிட்டச் சொல்லட்டும்."

அடுத்த ஞாயிறு அந்தக் கார்டை அவர் வாளியில் போடவில்லை. குப்புராஜ் கேட்டதற்கு, "இது எனக்குப் பழகிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். வேறு யாரும் அதன்பின் அவரைக் கேட்கவில்லை.

மற்ற கார்டுகள் சுற்றிக்கொண்டே இருந்தன. கலைந்து போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு மாதத்தில் எண்பத்தெட்டு கார்டு ஆயிற்று. யாருக்கு எந்த விலை போடுவது என்று நாடிக்குக் குழம்பியிருக்க வேண்டும். விலைகள் ஒன்றையொன்று நெருங்கிவந்தன. தமயந்தி இப்போது புதன்கிழமை தனியாகப் போவதில்லை. சந்தன நகரிலிருந்து பத்துப் பேர், கடைக்குப் பத்துக் கார்டாக எடுத்துக்கொண்டு, நான்கு கடைக்கும் போவார்கள். பத்து விலையையும் அவள் பட்டியலில் போடுவாள். புதுசாக ஐந்தாவது கட்டம் ஒன்றும் சேர்த்திருந்தாள்: 'ஒரே சாமானுக்கு எத்தனை விலை சொல்கிறார்கள்?' அந்தக் கட்டத்தில் மோசமான மதிப்பெண் வாங்கிய அன்றாடம் கடை, பத்து நாள் பார்த்துவிட்டு, அரிசிக்கும் பருப்புக்கும் எல்லோருக்கும் ஒரே விலை என்று வாசலில் பலகை எழுதி வைத்தது. திருமலைசாமி அந்தப் பலகையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் மையத்தை மூடுவது பற்றி அப்புறம் பேசவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை ஷப்னம் போனில் கூப்பிட்டாள். "கொஞ்சம் கடைக்கு வரமுடியுங்களா மேடம்? உடனே."

இதை எதிர்பார்த்தே இருந்தாள் தமயந்தி. கார்டு விதிமுறையில் 'பிறர் பயன்படுத்தக் கூடாது' என்று பொடி எழுத்தில் ஒரு வரி உண்டு. குடும்பத்தாருக்கு மட்டும் விலக்கு. எண்பத்தெட்டு கார்டையும் முடக்கப் போகிறார்கள், அதிலிருக்கும் புள்ளியெல்லாம் போகப் போகிறது, எல்லோருக்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனாள்.

ஷப்னத்தின் மேஜையில் திரை எரிந்துகொண்டிருந்தது. "தலைமை அலுவலகத்துல இருந்து வந்தது இல்லீங்க" என்றாள் அவள். "நாடியே கேட்டிருக்கு. கிளை மேனேஜர் பன்னெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

தமயந்தி குனிந்து படித்தாள். 'சந்தன நகர் குடியிருப்பில் உள்ள 88 கார்டுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரிகிறது. மதிப்பிடப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கை: 212. உறுதி செய்கிறீர்களா?' கீழே இரண்டு பொத்தான். ஆம். இல்லை.

"என்னங்க இது? இருநூத்திப் பன்னெண்டு பேர் எப்படி ஒரு குடும்பம் ஆவாங்க?"

"நானும் பழுதுன்னுதான் நினைச்சேன். காரணத்தைத் திறந்து பார்த்தேன்." ஷப்னம் திரையை நகர்த்தினாள். "விலை போடறதுக்குத்தான் கார்டு, வந்த ஆளைக் காமிரா தனியாக் குறிச்சு வெச்சுக்கும். ஒருத்தர் கார்டுல இன்னொருத்தர் சாமான் வாங்கறதை மட்டும் வெச்சு அது இப்படிச் சொல்லாதுங்க. அப்படின்னா திருட்டுன்னுதான் எடுத்துக்கும். இதைப் பாருங்க. ஒரு வீட்டுக்கு வேண்டிய டயப்பரை எட்டு வாரமா வேற வேற ஆளுங்க வாங்கறாங்க, ஒரு வாரம்கூடத் தவறல. சர்க்கரை வியாதிக்காரர் கார்டு யார் கையில இருக்கோ அவங்க லட்டு வாங்கறதில்ல, அப்புறம் அவருக்குச் சீட்டு ஆசை காட்டிரும்னு. ஒரு வீட்டுல விசேஷம்னா பதினேழு கார்டுல பால் கூடுது. ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தா வேற அஞ்சு வீட்டு ஆளுங்க ரொட்டி வாங்கறாங்க. குடும்பத்துல மட்டும்தான் இப்படி நடக்கும்னு அதுக்குக் கத்துக்கொடுத்திருக்கு. அது கத்துக்கிட்டதைத்தான் சொல்லுது."

தமயந்தி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது.

"ஆம்னு போட்டா என்ன ஆகும்?"

"எல்லாருக்கும் ஒரே விலை. நாங்க கொடுக்கறதுலயே குறைஞ்ச விலை, பெரிய குடும்பத்துக்கானது. கார்டு மாத்திக்கறதும் விதிமீறல் ஆகாது."

"இல்லைன்னு போட்டா?"

"எண்பத்தெட்டையும் முடக்கிரும்."

"ஆம்னு போட்டா உங்க வேலைக்கு ஏதாவது ஆகுங்களா?"

"கேட்பாங்க" என்றாள் ஷப்னம். "நாடி சொன்னதைத்தான் உறுதி பண்ணினேன்னு சொல்லுவேன். நாடி சொல்றதைக் கேள்வி கேட்கக் கூடாதுன்னு பயிற்சியில சொல்லிக்கொடுத்ததே அவங்கதான்." அவள் விரல் பொத்தான்வரை போய்த் திரும்பியது. "ஆனா நான் பொய் சொன்னதா இருக்கக் கூடாதுங்க மேடம். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நீங்க அங்க போய் வர்றவங்க. சொல்லுங்க, இது பொய்யா?"

தமயந்தி ஆறு வருஷமாக மதிப்பெண் போட்டவள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல அவளுக்கு வராது. சந்தன நகரில் தான் பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்துப் பார்த்தாள். குப்புராஜின் வண்டி. இந்துஜா போன வாரம் மெர்ஸிக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாளியைச் சுற்றி நின்று சின்னப் பிள்ளைகள் போல அடித்துக்கொள்ளும் பெரிய மனிதர்கள். அங்கே சண்டையும் இருந்தது. ஒரு வாரம் யாரோ நெய் விஷயத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பொய் இல்லீங்க" என்றாள்.

ஷப்னம் 'ஆம்' பொத்தானைத் தொட்டாள். திரை ஒரு முறை மினுங்கி, நன்றி சொல்லி அணைந்தது. அவ்வளவுதான். வெளியே வழக்கம்போல யாரோ கல்லுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தமயந்தி எழுந்து கதவருகே போனதும் ஷப்னம் "அக்கா" என்றாள். அதுவரை அவள் மேடம் என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் பின்னாலிருந்து ஒரு கார்டை உருவிக் கையில் வைத்திருந்தாள். ஓரம் தேய்ந்த, தங்க நிறக் கார்டு.

"அம்மாவும் நானும் மட்டும்தாங்க. அவங்களுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். இங்கயேதான் எல்லாம் வாங்கறேன். எனக்கு என்ன விலை போடுதுன்னு தெரிஞ்சுக்க இதுவரைக்கும் தைரியம் வரல." கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்குங்க அக்கா?"

"அஞ்சு மணிக்கு" என்றாள் தமயந்தி. "அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."